பன்னிரண்டு வரிச் சிரிப்பு

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவளைத் துணுக்கக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவரான அச்சுக்கூட ஃபோர்மேன்கூட, காலையில் அவள் தலையைக் கண்டதும், "துணுக்கக்கா, இன்னிக்கு எத்தனை வச்சிருக்கே?" என்பார். எத்தனை என்றால் எத்தனை வரி என்று அர்த்தம். அங்கே சிரிப்பை வரிக்கணக்கில்தான் கேட்பார்கள். நல்ல சிரிப்பா, உப்புச் சப்பில்லாததா என்பதெல்லாம் நேரம் இருந்தால் கேட்கிற கேள்வி.

இத்தனைக்கும் அவளுக்குச் சிரிப்பு லேசில் வராது. அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். "ஊருக்கெல்லாம் சிரிப்பு சப்ளை பண்றா, வீட்டுக்கு வந்தா உம்முனு உக்காந்துக்கறா" என்று அண்ணி குறைப்படுவாள். "நாள் பூரா பல்லு புடுங்கற டாக்டர் வீட்டுக்கு வந்தும் புடுங்குவாரா அண்ணி?" என்று இவள் கேட்பாள். அதைச் சொல்லும்போதுகூட முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

சிரிப்பு வராதே தவிர, எதையும் தெரிந்துகொள்ளாமல் விடுகிற ஆள் இல்லை அவள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் பையில் என்ன இருக்கிறது, எதிரே இருப்பவர் ஏன் ஒரு செருப்பைப் புதிதாகவும் ஒன்றைப் பழையதாகவும் போட்டிருக்கிறார், இதெல்லாம் தெரியாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். கேட்டே விடுவாள். ஒரு தடவை ஒருவர் கையில் இரண்டு குடை இருந்தது. "எதுக்கு சார் ரெண்டு?" என்று கேட்டாள். "ஒண்ணு பிடிக்க, ஒண்ணு பஸ்ல மறந்துட்டுப் போக" என்றார் அவர். மறுநாள் அது ஆறு வரித் துணுக்காகப் பத்திரிகையில் வந்தது. இப்படி ஊரார் வாயைக் கிண்டித்தான் அவள் தன் தட்டை நிரப்பிக்கொண்டாள்.

போருக்கு முன்னால் அந்த மாலைப் பத்திரிகை பதினாறு பக்கம். வாரக் கடைசியில் ஒரு முழுப் பக்கம் சிரிப்பு, தொடர்கதை, குறுக்கெழுத்து, முகப்பருவுக்கு என்ன பூசலாம் என்பதற்கு ஒரு பத்தி, எல்லாம் உண்டு. போர் வந்ததும் காகிதம் கிடைக்கவில்லை. பன்னிரண்டானது, எட்டானது, கடைசியில் நாலு பக்கத்தில் வந்து நின்றது. தொடர்கதையின் கதாநாயகியைக் கிணற்றடியில் அப்படியே விட்டுவிட்டார்கள். அவள் தண்ணீர் எடுத்தாளா, குதித்தாளா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இத்தனையும் போனபின், துணுக்கு மட்டும் தப்பித்தது. அதன் மேல் யாருக்கும் பாசம் வந்து அல்ல. பட்டியலுக்காக அது தேவைப்பட்டது.

பட்டியல் என்றால் களத்தில் இறந்தவர்களின் பட்டியல். போர்த்துறையிலிருந்து தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு சைக்கிள்காரர் கொண்டுவந்து கொடுப்பார். வீட்டுக்கு முறைப்படி கடிதம் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும், அதனால் சனங்கள் பத்திரிகையைத்தான் நம்பியிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தின் இடது ஓரப் பத்தி இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. பத்திக்கு எண்பது வரி. ஆளுக்கு ஒரு வரி. பெயரும் படைப்பிரிவு எண்ணும் மட்டும். பிற்பகல் இரண்டு மணிக்குள் பக்கத்தைக் கட்டி முடிக்க வேண்டும், நாலு மணிக்குப் பத்திரிகை தெருவுக்கு வந்தாக வேண்டும். ஐம்பது பெயர் வந்தால் முப்பது வரி மிஞ்சும். எழுபத்தாறு வந்தால் நாலு வரி மிஞ்சும். எத்தனை வரும் என்று யாருக்கு முன்கூட்டித் தெரியும்? மிஞ்சுகிற இடத்தை நிரப்பத்தான் துணுக்கக்கா.

அவளிடம் நாலு வரி, ஆறு வரி, பத்து வரி, பதினெட்டு வரி என்று துணுக்குகள் தயாராக ஈயத்தில் வார்த்து, ஒரு தட்டில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வரிக்கு ஒரு ஈயத்துண்டு. பட்டியலைக் கட்டி முடித்ததும் ஃபோர்மேன் குரல் கொடுப்பார். "பதினாறு!" என்றால் பத்தும் ஆறும் எடுத்துக் கொடுக்க வேண்டும். சுற்றிலும் நட்சத்திரம் போட்ட கட்டம் ஒன்று கட்டுவார். கட்டம் கட்டாத ஒரு நாளில் கடைசிப் பெயருக்கு நேர் கீழே கொசுவலைச் சிரிப்பு வந்து, ஆசிரியருக்குக் கண்ணீரும் வசையுமாகக் கடிதங்கள் குவிந்தன. அதிலிருந்து கட்டம்.

எதைப் பற்றிச் சிரிக்கலாம் என்பதைத் தீர்மானிக்க ஒரு தணிக்கை அதிகாரி இருந்தார். மூலை மேசை, சிவப்புப் பென்சில். அந்தப் பென்சிலே அவருக்குப் பெயராகிவிட்டது. மகா நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேச மாட்டார், அடித்துக்கொண்டே போவார். இரண்டு குடைத் துணுக்கை மறுபடி போட முயன்றபோது அடித்தார். குடை என்றால் மழை, மழை என்றால் வானிலை, வானிலை ராணுவ ரகசியம். ரயில் தாமதமாக வருவதைப் பற்றிச் சிரிக்கக் கூடாது, படைகள் எப்படிப் போகின்றன என்பது எதிரிக்குத் தெரிந்துவிடும். குறட்டைத் துணுக்கு ஒன்றையும் அடித்தார். மனைவி அதை விமானச் சத்தம் என்று நினைத்துக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டதாக இவள் எழுதியிருந்தாள். மிச்சம் இருந்தது கொசு, ஞாபகமறதி, கணவன் மனைவி. மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காலத்தை ஓட்டினாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் மாலை ஐந்தரை மணி பஸ்ஸில் அந்த அம்மாளைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனிகளில் ஊசித் தழும்பு, தோளில் காக்கி நூல் பிசிறு. கையில் அன்றைய பத்திரிகை. இரண்டாம் பக்கத்தைத் திறந்தாள், இடது ஓரத்தின் அடியில் ஒரு பார்வை பார்த்தாள், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு இறங்குகிறவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். அன்றைக்கு அங்கே இருந்தது நாலு வரித் துணுக்கு, அந்த மாதத்தின் ஆகச் சிறந்த கொசு. அதைப் படிக்கக்கூட இல்லை. துணுக்கக்காவுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் திறந்தாள், அடியில் பார்த்தாள், தோள் தளர்ந்தது, பஸ்ஸிலேயே பத்தி முழுவதையும் மேலிருந்து கீழ்வரை படித்தாள். நாலாம் நாள் மறுபடி மடித்துவிட்டாள். ஒரு வாரம் துணுக்கக்கா கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். அதற்குள் இரண்டு தடவை தன் நிறுத்தத்தைத் தவறவிட்டு நடந்து வந்து அண்ணியிடம் பேச்சு வாங்கினாள். எட்டாம் நாள் போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. சில நாள் அந்தக் கட்டத்தைப் பாத்ததுமே மடிச்சிடறீங்க. துணுக்கு பிடிக்கலையா?"

"எந்தத் துணுக்கு?"

"கட்டத்துக்குள்ள இருக்கே, சிரிப்பு."

"அதை யாரு படிச்சா?" என்றாள் அந்த அம்மாள்.

துணுக்கக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "அப்ப என்னத்தைப் பாக்கறீங்க?"

"அளவைத்தான். கட்டம் பெருசா இருந்தா பட்டியல் சின்னதுன்னு அர்த்தம். பஸ்லயே படிச்சிடுவேன். கட்டம் சின்னதா இருந்தா பட்டியல் நீளம். அதை வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திட்டு, தரையில உக்காந்துதான் படிக்கணும். நாலு பேர் நடுவுல மயங்கி விழுந்தா நல்லாவா இருக்கும்? எம்பையன் அங்க இருக்கான், தங்கச்சி."

அவள் வேலை ராணுவச் சட்டை தைக்கிற கூடத்தில். பொத்தான் தைப்பவள். சட்டைக்கு ஐந்து, ஒரு நாளைக்கு அறுபது சட்டை. வேலை நேரத்தில் உள்ளே பத்திரிகை கொண்டுபோகக் கூடாது. அதனால் நாலு மணிக்கு வாசல் காவலாளி பத்திரிகையை வாங்கி, இரண்டாம் பக்கத்தை விரித்து, தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவாராம். எட்டு ஜன்னலிலும் தலைகள் எட்டிப் பார்க்கும். அவ்வளவு தூரத்திலிருந்து எழுத்து தெரியாது, நட்சத்திரக் கட்டம் தெரியும். "இன்னிக்குப் பெருசுடி!" என்று ஒருத்தி கத்தினால் போதும், அதற்கப்புறம் தையல் இயந்திரங்கள் வேகமெடுக்குமாம்.

நாட்டிலேயே அதிகம் பேர் ஆவலாகப் பார்க்கிற துணுக்கு துணுக்கக்காவுடையது. ஒருத்தரும் படிக்கவில்லை. பெருமைப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. பொத்தானம்மா என்று மனசுக்குள் அவளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து பஸ்ஸில் அவள் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தாள்.

இதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டால் நாலு பேரிடம் சொல்லாமல் அவளுக்கு டீ இறங்காது. மறுநாள் டீ நேரத்தில், காவலாளி பத்திரிகையைத் தூக்கிக் காட்டுவதைக் கையை உயர்த்தி நடித்தே காட்டினாள். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். மூலை மேசையில் சிவப்புப் பென்சிலும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படியா?" என்று மட்டும் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை உத்தரவு வந்தது.

உத்தரவு ஒன்றரைப் பக்கம் இருந்தது, விஷயம் மூன்று வாக்கியம்தான். துணுக்குக் கட்டம் இனி எந்த நாளும் பன்னிரண்டு வரிக்குக் குறையக் கூடாது. அறுபத்தெட்டுக்கு மேல் பெயர் வந்தால், மேற்பட்டவை வந்த வரிசைப்படி, நாளுக்கு நாலாக, அடுத்தடுத்த நாள் பட்டியல்களில் சேர்க்கப்பட வேண்டும். இதை வெளியே சொல்கிறவர்களுக்கு வேலை மட்டும் போகாது, கம்பி எண்ண வேண்டும்.

உண்மையைச் சொன்னால், முதல் நாள் துணுக்கக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தினமும் பன்னிரண்டு வரி! போர் தொடங்கியதிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. அன்றைக்கு எழுபத்துநாலு பெயர் வந்தது. ஃபோர்மேன் ஆறு ஈயத்துண்டுகளை எடுத்து ஒரு தட்டில் வைத்து, அலமாரியில் துணுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளினார். ஓரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் தேதி எழுதினார். "உன் சிரிப்புக்கு இடம் விட்டு இந்த ஆறு பேரும் எழுந்து நிக்கறாங்க, துணுக்கக்கா" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவளுடைய சந்தோஷம் அந்த நிமிஷமே வடிந்துவிட்டது.

மறுநாளும் எழுபதுக்கு மேல். அதற்கு மறுநாளும் அப்படியே. பெயர்கள் மூன்று நாள் காத்திருந்தன, பிறகு ஐந்து நாள், பிறகு எட்டு நாள். துணுக்குத் தட்டோ காலியாகிக்கொண்டு வந்தது. தினம் பன்னிரண்டு வரிக்குக் கொசுவுக்கு எங்கே போவது? களத்தில் இருக்கும் சிப்பாய்களே துணுக்கு எழுதி அனுப்பலாம் என்று அறிவிப்புப் போட்டாள். சிவப்புப் பென்சிலுக்கும் யோசனை பிடித்திருந்தது. கடிதங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொரு துணுக்குக்கும் அடியில் எழுதியவரின் பெயரையும் படைப்பிரிவு எண்ணையும் ஒரு வரியில் போட்டார்கள்.

பஸ்ஸில் பொத்தானம்மா ஆளே மாறிப்போயிருந்தாள். பட்டியலைப் பஸ்ஸிலேயே படித்தாள். வறுத்த கடலை வாங்கி வந்து பாதியைத் துணுக்கக்கா கையில் கொட்டினாள். "சண்டை ஓயப் போவுது போலிருக்கு தங்கச்சி. இருபது நாளா கட்டம் கொழுகொழுன்னு இருக்கு. இப்பத்தான் ராத்திரியில கண்ணு மூடறேன்." மகனைப் பற்றியும் நிறையச் சொன்னாள். வாய்த்துடுக்குக்காரன், அம்மா சமையலைக் கிண்டல் பண்ணாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டான், கடிதத்தில்கூட அங்கிருக்கிற சமையல்காரனைத்தான் வாரு வாரென்று வாருகிறான்.

"எந்தப் பிரிவுல இருக்கான்னா..." என்று ஒரு நாள் ஆரம்பித்தாள். "அவன் பேரு..."

"அய்யோ, என் ஸ்டாப் வந்துடுச்சுக்கா!" என்று துணுக்கக்கா எழுந்து இறங்கிவிட்டாள். அவள் இறங்க வேண்டிய இடம் இன்னும் மூன்று நிறுத்தம் தள்ளி இருந்தது. பெயர் தெரிந்துவிட்டால் தினமும் அந்தத் தட்டில் தேட வேண்டியிருக்கும். தேடிக் கிடைத்துவிட்டால் இந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்த துணுக்கு நன்றாக இருந்தது. படைமுகாமில் அதிகாரி ஒருவர் சாப்பாட்டை வாயில் வைத்துவிட்டுச் சமையல்காரரைக் கேட்கிறார்: "இது மத்தியானச் சாப்பாடா, ராத்திரிச் சாப்பாடா?" சமையல்காரர் சொல்கிறார்: "அது நீங்க மென்னு முடிக்கிற நேரத்தைப் பொறுத்தது, ஐயா." வழவழவென்று இருந்ததை அவள் பன்னிரண்டு வரிக்குள் செதுக்கினாள். அபூர்வமாகத் தானும் கொஞ்சம் சிரித்தாள்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு, கீழே வரவேற்பறையில் துணுக்குப் போடுகிறவரைத் தேடி யாரோ வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் பொத்தானம்மா. முகமெல்லாம் வெளிச்சம். வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கையில் பத்திரிகையிலிருந்து ஓரம் பிசகாமல் வெட்டியெடுத்த நட்சத்திரக் கட்டம்.

"தங்கச்சி! நீ இங்கதான் வேலை பாக்கறியா? சொல்லவே இல்லையே! இதைப் பாரு. எம்பையன் எழுதியிருக்கான். இதோ அவன் பேரு, அவன் நம்பரு. நேத்து ராத்திரி வீட்டுலதான் மொதத் தடவையா இந்தச் சிரிப்பைப் படிச்சேன். காலையில கூடத்து வாசல்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். எங்க சமையலையும் இப்படித்தான் சொல்லுவான் திருட்டுப் பய. ரெண்டு மாசமா எனக்கு லெட்டர் இல்லை, இவங்களுக்கு மட்டும் எழுதியிருக்கான் பாரேன். அவன் கையெழுத்துல இருக்கற காயிதத்தை எனக்குக் குடு. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

துணுக்கக்காவுக்கும் சந்தோஷம் பொங்கியது. உயிரோடு இருக்கிறான்! இரண்டு இரண்டு படியாக ஏறி மாடிக்குப் போனாள். கடிதக் கட்டில் சமையல்காரர் துணுக்கைத் தேடி எடுத்தாள். அடியில் கையெழுத்துப் போட்டிருந்த பெயர் வேறாக இருந்தது. எண்ணும் வேறு. வெட்டிய கட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள்.

இரண்டையும் ஃபோர்மேனிடம் காட்டினாள். அவர் அலமாரிக்குப் போய்க் காத்திருக்கும் பெயர்களின் தட்டை இழுத்து, ஈயத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். துணுக்கை எழுதிய சிப்பாயின் பெயர் அங்கே, இறந்தவர்களுக்கு நடுவே, ஒன்பதாவதாகக் கிடந்தது.

"அலமாரியில இடமில்லைன்னு எழுதினவன் பேர் வரியை இந்தத் தட்டு ஓரத்துல வச்சேன், துணுக்கக்கா. ஒரே நிமிஷம். திரும்ப எடுக்கும்போது பக்கத்துல இருந்ததை எடுத்துட்டேன் போலிருக்கு." அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டும் ஒரே அளவு. ஒரே எழுத்து. ஒரு பேரு, ஒரு நம்பரு." இன்னும் இரண்டு நாளில் உயிரோடிருக்கிறவன் இறந்தவர் பட்டியலில் அச்சேறியிருப்பான். அதைத் தடுத்தாயிற்று. கீழே உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன பதில் சொல்வது?

சிவப்புப் பென்சில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பேரு வரிசைப்படி வெள்ளிக்கிழமைதான் வரும். அதுக்கு முன்னாடி யாரும் சொல்ல முடியாது. கடிதம் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லி அனுப்பிடுங்கம்மா. உத்தரவு ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. கம்பி எண்ணுவதும் ஞாபகம் இருந்தது. துணுக்கக்கா கீழே இறங்கினாள். தொலைந்துபோய்விட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, அந்தத் துணுக்கை எழுதினது உங்க பையன் இல்லை."

"பேரு இருக்கே. நம்பரும் இருக்கே."

"பேரு உங்க பையன் பேருதான். அது துணுக்குக்கு அடியில வர வேண்டிய பேரு இல்லைக்கா. பட்டியல்ல வர வேண்டிய பேரு. மாறிப்போச்சு."

பொத்தானம்மா வெட்டிய கட்டத்தைப் பார்த்தாள். "எந்தப் பட்டியல்?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாதா என்ன? துணுக்கக்கா அடக்க முடியாமல் அழுதாள். பொத்தானம்மா அழவில்லை.

"எப்ப வந்துச்சு?"

"போன வியாழக்கிழமை." இனி மறைக்க என்ன இருக்கிறது? உத்தரவைச் சொன்னாள், தட்டைச் சொன்னாள், டீ நேரத்தில் தான் நடித்துக் காட்டியதையும் சொன்னாள்.

பொத்தானம்மா விரல்விட்டு எண்ணினாள். "வெள்ளிக்கிழமை உனக்குக் கடலை குடுத்தேன்."

"ஆமாக்கா."

"வாங்கித் தின்னே."

"உங்க பையன் பேரு எனக்குத் தெரியாதுக்கா."

"நீ கேக்கலை. எங்க கூடத்துல எத்தனை ஜன்னல்னு கேட்டே. காவக்காரன் எந்தக் கையில தூக்கிக் காட்டுவான்னுகூடக் கேட்டே. அதை மட்டும் கேக்கலை."

"பயமா இருந்துச்சுக்கா."

பிறகு பொத்தானம்மா, "அந்தத் தட்டுல இன்னும் எத்தனை பேரு?" என்றாள்.

"முப்பத்தொண்ணு. உங்க பையனோட சேத்து."

"அவங்க வீட்டுலயும் நேத்து கட்டத்தைப் பாத்துட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பாங்க. போதும். போய் எல்லாத்தையும் போடு. எம்பையனை அச்சுல பாக்காம நான் எழுந்திருக்க மாட்டேன்."

துணுக்கக்கா மாடிக்குப் போய், இன்றைக்குத் துணுக்கு கிடையாது என்று ஃபோர்மேனிடம் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அன்றைய பட்டியலில் நாற்பத்துநாலு பெயர், தட்டில் முப்பத்தொன்று. கட்டத்தை எடுத்துவிட்டு அத்தனையையும் வரிசையாக இறக்கினார். அடியில் ஐந்து வரி மட்டும் வெள்ளையாக நின்றது. பிறகு துணுக்குத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஈயம் உருக்குகிற சட்டியில் கவிழ்த்தார்.

ஒன்றேகால் மணிக்கு மை காயாத அச்சு மாதிரிப் பக்கத்தைப் பார்த்த சிவப்புப் பென்சில், "கட்டம் எங்கே?" என்றார்.

"இன்னிக்குச் சிரிப்பு வரலை சார்."

"தட்டுல இருக்குமே?"

"உருக்கிட்டேன் சார்" என்றார் ஃபோர்மேன், கையைத் துடைத்தபடி.

"நீங்களே ஒண்ணு சொல்லுங்க சார்" என்றாள் துணுக்கக்கா. "பன்னிரண்டு வரிதான். மழை வேண்டாம், ரயில் வேண்டாம். சொல்லுங்க, உடனே வார்த்துப் போட்டுடறோம்."

அவர் வாயைத் திறந்தார். இரண்டு வருஷமாக அடுத்தவர் சிரிப்பை அடித்துக்கொண்டிருந்த மனிதர், நிஜமாகவே யோசித்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. பெயர்களை அடித்தால் வெள்ளை இடம் விழும்; வெள்ளை இடம் விட்டால் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று சனங்கள் பேசுவார்கள் என்பதால் அதைத் தடை செய்தவரும் அவரேதான். பக்கத்தை இன்னொரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இன்னிக்கு மட்டும்" என்றார் மெதுவாக. "அடியில அந்த அஞ்சு வரியை எதையாவது வச்சு நிரப்பிட்டு வாங்க. கையெழுத்துப் போடறேன்." இதற்காக மேலிடத்தில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதும், துணுக்கக்காவை மூன்று மாதம் பழைய காகிதக் கிடங்குக்குத் தள்ளியதும், பன்னிரண்டு வரி உத்தரவைப் பற்றி அப்புறம் ஒருவரும் பேச்செடுக்காததும் பிறகு நடந்தவை.

மாதிரிப் பக்கத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு துணுக்கக்கா கீழே போனாள். பொத்தானம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தை மடியில் விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தாள். யாரையும் தாண்டிப் போகவில்லை. ஐம்பத்துமூன்றாவது வரியில் விரல் நின்றது. அங்கே வெகுநேரம் இருந்தது. பிறகு மறுபடி கீழே நகர்ந்து, கடைசிப் பெயர்வரை போய், வெள்ளை இடத்துக்கு வந்தது.

"அந்தச் சிரிப்பை எழுதின பையனும் இதுல இருக்கானா?"

"இல்லைக்கா. நல்லாருக்கான். நேத்துக்கூட இன்னொரு துணுக்கு அனுப்பியிருக்கான்."

பொத்தானம்மா அந்த வெள்ளை இடத்தை உள்ளங்கையால் தடவினாள். விரலில் மை ஒட்டிக்கொண்டது.

"தன் சிரிப்பு வந்திருக்குன்னு அவன் அம்மாவுக்குத் தெரியாதே. வேற பேரையில்ல போட்டுட்டீங்க. இங்க அவன் பேரைப் போடு தங்கச்சி. எழுதினது அவன்தான்னு போடு. நல்லாருக்கான்னு போடு. அவளாவது பாக்கட்டும்."

துணுக்கக்கா அங்கேயே, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதினாள். ஐந்து வரிக்குள் அடங்கியது.